ஜவ்வரிசி பிறந்த கதை: பஞ்சத்துக்கு வந்தது, விரதத்துக்குப் போனது

ஏகாதசியன்று புனேயிலோ இந்தூரிலோ ஒரு வீட்டில் சாபுதானா கிச்சடி தாளிக்கிறார்கள் என்றால், அந்த வாணலியில் இருப்பது பெரும்பாலும் நம் பக்கத்துச் சரக்கு. சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் என்று போகும் சாலையின் இரு பக்கமும் மரவள்ளிக் காடு. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் அங்கேயும் மரவள்ளி. ஊர்க்காரர்களுக்கு அது குச்சிக்கிழங்கு. அந்தக் கிழங்கை அரைத்து, பாலெடுத்து, படிந்த மாவைக் குலுக்கி உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. தானியம் தொடக் கூடாத விரத நாளுக்கென்று வடக்கே வாங்கும் இந்த வெள்ளை மணி, தானியமே கிடைக்காமல் திண்டாடிய ஒரு காலத்தில் தெற்கே பிறந்தது.

பிறந்த ஆண்டு 1943. ஊர் சேலம். காரணம் இரண்டாம் உலகப் போர். எண்பது வருஷம் ஆன கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. கஷ்ட காலத்துக்குத் தயாராவது என்றால் நம் மனசுக்கு உடனே வருவது சேமிப்பு: எத்தனை மூட்டை நெல், எவ்வளவு பணம், எத்தனை பவுன். கிழங்கின் கதை வேறு கணக்குச் சொல்கிறது. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு நாள் பொறுக்க முடியும் என்பதும் சேர்ந்ததுதான் ஒரு குடும்பத்தின் பலம். பொறுக்க முடிந்தவர் விலை சொல்வார், முடியாதவர் கேட்டுக்கொள்வார். அந்தப் பொறுக்கும் பலம் மரவள்ளிக் காட்டிலிருந்து யார் யார் கைக்குப் போனது என்பதே ஜவ்வரிசியின் கதை.

மரத்தில் இருந்த மாவு

ஜவ்வரிசியை முதலில் கிழங்கில் செய்யவில்லை. தென்கிழக்கு ஆசியத் தீவுகளின் சதுப்பு நிலத்தில் ஒரு வகைப் பனை வளர்கிறது. பூக்கும் முன்பே வெட்டிச் சாய்த்து, அடிமரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டி, நீர் விட்டுப் பிசைந்து வடிகட்டினால் அடியில் மாவு தங்கும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ரா வழியாகத் திரும்பிய மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவெடுத்துத் தின்கிறார்கள் என்று வியந்து பதிவு செய்திருக்கிறார். சேகோ என்ற பெயர் அந்தப் பனையோடு வந்தது.

பனை மாவு தரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். மரவள்ளி பத்தே மாதத்தில் தரும். 19ஆம் நூற்றாண்டில் மலாயாவில் சீனத் தோட்டக்காரர்கள் காட்டை அழித்து மரவள்ளி போட்டார்கள். பனை மாவை உருட்டிய அதே பக்குவத்தில் கிழங்கு மாவையும் உருட்டி, பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களில் கப்பலேற்றினார்கள். நம்மூர் மளிகைக் கடைக்கு வந்தது அந்தக் கப்பல் ஜவ்வரிசிதான். பாயசத்துக்கும், காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சும் கஞ்சிக்கும் அது வேண்டியிருந்தது. செய்யும் வித்தையைக் கற்க வேண்டிய அவசியம் வரவில்லை. கப்பல் வந்துகொண்டிருந்த வரை யார் அதைப் பற்றி யோசிப்பார்கள்?

நஞ்சைப் பிழிந்து எடுத்த சோறு

கிழங்கின் பூர்வீகம் இன்னும் தொலைவு. மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. அமேசான் காட்டுக்காரர்கள் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. கிழங்கிலும் தழையிலும் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது. கசப்பு வகையை அப்படியே தின்றால் ஆளைக் கொல்லும். நம் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் மரவள்ளிக் காட்டோரம் போகும்போது மந்தையை அதட்டி ஒதுக்குவதைப் பார்க்கலாம். தழையை மேய்ந்த ஆடு வயிறு உப்பி விழுந்த கதை ஊருக்கு ஊர் இருக்கிறது.

அமேசான்காரர்கள் நஞ்சுக்குக் கண்ட வழி எளிமையானது. கிழங்கைத் துருவினார்கள். கோரையில் பின்னிய நீளக் குழாயில் திணித்துத் தொங்கவிட்டு, கீழ்முனையைப் பிடித்து இழுத்துச் சாற்றைப் பிழிந்தார்கள். சக்கையை ஓட்டில் போட்டு வறுத்தார்கள். பிழிந்த சாறு சட்டியில் தெளிந்ததும் அடியில் வெள்ளையாக ஒரு படிவு நின்றது. அதுதான் மரவள்ளி மாவு. துருவு, பிழி, படியவிடு, வறு. இன்று சின்னசேலம் சேகோ ஆலையில் மோட்டாரும் தொட்டியும் வைத்துச் செய்வதும் இந்த நாலு வேலையைத்தான்.

போர்த்துக்கீசியர் இந்தச் செடியை ஆப்பிரிக்காவுக்கும் பிறகு மலையாளக் கரைக்கும் கொண்டுவந்தார்கள். வெகுகாலம் அது வேலியோரச் செடியாகவே கிடந்தது. நஞ்சுக் கிழங்கு என்ற பயம் ஒரு காரணம். அரிசி கிடைக்கும்போது கிழங்கு எதற்கு என்பது இன்னொன்று. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மாவுக்குத் தாவர ஆராய்ச்சியில் ஆர்வம். மரவள்ளியை ஏழைகளின் உணவாகப் பரப்பியதில் அவர் பெயரைத்தான் கேரளம் முதலில் சொல்கிறது. அவர் அரியணை ஏறுவதற்குச் சற்று முன்புதான் தென்னிந்தியாவே ஒரு பெரும் பஞ்சத்தைக் கடந்திருந்தது.

குதிர் இல்லாதவனின் குதிர்

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தை நம் பக்கத்துக் கிழவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். சென்னை மாகாணத்தில் கொடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் இருந்த ஜனத்தொகை 1881ல் குறைந்துபோயிருந்தது. பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனம் குறைந்ததென்றால், எத்தனை பிணம், எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பஞ்சத்திலும் தானியம் இருந்தது என்பதுதான் கொடுமை. விலை கிடைக்கும் பக்கம் ரயிலேறியது. பட்டினி நாட்டிலிருந்து கப்பலேறியும் போனது.

பஞ்சத்துக்குத் தற்காப்பு நம் கிராமங்களில் இல்லாமல் இல்லை. சாணம் மெழுகிய குதிர், தரைக்கடியில் தானியக்குழி, வைக்கோல் சுற்றிய சேர். சாமை, வரகு, தினை போன்றவை உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. கல்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் சாமையைக் கட்டிவைத்ததும், காய்ந்த நாளில் காட்டுக்குள் கவலைக்கிழங்கும் நூறைக்கிழங்கும் தோண்டியதும் இந்தத் தற்காப்பின் பகுதிதான். ஆனால் குதிர் வைக்க முதலில் மிச்சம் வேண்டும். கூலிக்காரன் வீட்டில் மிச்சம் ஏது? அன்றன்று அளந்த கூலித் தானியம் அன்றன்று உலைக்குப் போனது.

மரவள்ளி வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான். அதற்கு விதைநெல் போல எதையும் எடுத்துவைக்க வேண்டாம். அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் தண்டை மரநிழலில் நட்டமாகச் சாத்திவைத்து, மழை விழுந்ததும் சாண் அளவு துண்டாக வெட்டி ஊன்றினால் போதும். வேர் பிடிக்கிற முதல் இரண்டு மூன்று மாதம் ஈரம் வேண்டும். அதற்குப் பிறகு வானம் பொய்த்தால் செடி இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். மறுமழைக்குத் துளிர்க்கும். நெல்லுக்குப் பூக்கும் நேரத்தில் தண்ணீர் தவறினால் பதர்தான் மிஞ்சும். மரவள்ளிக்கு அப்படி ஒரு கெட்ட நேரம் கிடையாது. எந்த வாரம் மழை வந்தாலும் அந்த வாரத்துக்குரியதை வாங்கிக் கிழங்கில் போட்டுக்கொள்ளும். செம்மண்ணோ சரளை மண்ணோ, ஏதோ ஒரு விளைச்சல் உண்டு.

இதற்கெல்லாம் மேலான குணம் ஒன்று. ஒன்பது பத்து மாதத்தில் விளைந்த கிழங்கை அன்றே பிடுங்கியாக வேண்டும் என்பதில்லை. இன்னும் சில மாதம் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். ரொம்ப விட்டால் நாரோடும், அவ்வளவுதான். இன்று இரண்டு செடி, நாளை மறுநாள் இரண்டு செடி என்று வீட்டுக்குத் தேவையானதை மட்டும் பிடுங்கலாம். எலி வராது, அந்து விழாது, கடன்காரன் வந்து அளந்து போக முடியாது. மிச்சம் வைக்க வழியில்லாதவனுக்கு நிலமே குதிரானது. ஆப்பிரிக்காவில் போர் நடந்த நாடுகளில், படைகள் களஞ்சியத்தைக் கொள்ளையடித்த பிறகும் மக்களைக் காப்பாற்றியது மண்ணுக்குள் மறைந்திருந்த மரவள்ளிதான்.

ஆனால் பிடுங்கிய அடுத்த நிமிஷம் கிழங்கின் குணம் தலைகீழாகிவிடும். இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடும். பிறகு தின்னவும் ஆகாது, அரைக்கவும் உதவாது. மண்ணுக்குள் மாதக்கணக்கில் பொறுக்கும் கிழங்கு, வெளியே வந்தால் மூன்று நாள் பொறுக்காது. இந்த இரட்டைக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும்.

1943

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் விழுந்தன. ஒரு மாதத்துக்குள் தென்னிந்தியாவின் இரண்டு குழாய்கள் அடைபட்டன: பர்மா அரிசி, மலாயாச் சரக்கு. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் திணறின. ரேஷன் வந்தது, அரிசி அளந்த படியில் கிழங்கு அளந்தார்கள். விசாகம் திருநாள் காலத்தில் பரப்பிய மரவள்ளி அறுபது வருஷம் கழித்து அந்த நாட்டின் உயிரைத் தாங்கியது. மறுவருஷம் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள்.

சேலத்தில் தட்டுப்பாடு வேறு மாதிரியும் தெரிந்தது. ஜவ்வரிசி நின்றுபோனது; நூலுக்குக் கஞ்சி போட வேண்டிய ஸ்டார்ச் மாவும் நின்றுபோனது. தறி ஓடும் ஊரில் கஞ்சி மாவு இல்லையென்றால் தொழில் படுத்துவிடும். வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போப்பட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மரவள்ளி மாவு எடுக்கும் நுணுக்கம் ஷாவுக்குத் தெரியும். கிழங்கு எங்கே மலிவு, சரக்கு எங்கே போகும் என்பது செட்டியாருக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து 1943ல் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தொடங்கினார்கள்.

முதலில் எல்லாம் கைவேலை. கிழங்கைத் தோலுரித்து, இடித்து நசுக்கி, துணியில் பாலை வடிகட்டித் தொட்டியில் விட்டார்கள். இரவு முழுக்கத் தெளிந்த பிறகு மேல்தண்ணீரை இறுத்தால் அடியில் மாவு பாளமாக நின்றது. அதை உதிர்த்துச் சலித்து, ஈரம் இருக்கும்போதே துணியில் கொட்டிக் குலுக்கக் குலுக்க, துகள்மேல் துகள் ஒட்டி மணியாகத் திரளும். ஈரம் கூடினால் களியாகும். குறைந்தால் மாவாகவே நிற்கும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். திரண்ட மணியை எண்ணெய் தடவிய தட்டில் சில நிமிஷம் வறுத்தால் மேல்தோல் மட்டும் வெந்து இறுகும். அப்புறம் வெயிலில் காயவேண்டியதுதான். இப்படி வறுத்தது ஒரு ரகம். ஆவியில் வேகவைத்து எடுப்பது நைலான் ஜவ்வரிசி. கோடையில் மொட்டைமாடியில் வத்தல் போடப் பல வீடுகளில் கேட்டு வாங்குவது அதைத்தான்.

வெங்கடாசலக் கவுண்டர் என்ற இயந்திர வல்லுநர் சேர்ந்த பிறகு கைவேலை இயந்திர வேலையானது. நாளுக்குச் சில மூட்டையாக இருந்த உற்பத்தி பல மடங்கு ஏறியது. பினாங்கு அறிவும் சேலத்து வியாபாரமும் உள்ளூர்ப் பட்டறையும் கூடிப் பெற்ற பிள்ளை ஜவ்வரிசி. சுயசார்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செடி பிரேசிலுக்குரியது, பக்குவம் மலாயாவுக்குரியது. நம்முடையதாக இருந்தவை தேவையும் கையும் வெயிலும்தான்.

வெயிலைச் சொன்னது சும்மா இல்லை. கிழங்கு அதிகம் விளைந்தது கேரளத்தில். ஆலைகள் பெருகியதோ சேலத்தில். கேரளத்தார் கிழங்கைத் தாங்களே தின்றுவிட்டார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஈர மணியை நாள் முழுக்கக் காயப்போட வெட்டவெளியும் மழையில்லாத மாதங்களும் வேண்டும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற சீமையில் அது நடக்காது. காய்ந்த பூமி என்று சபிக்கப்பட்ட சேலம், ஆத்தூர், சின்னசேலம் வட்டாரத்துக்கு அந்த வறட்சியே மூலதனமானது.

கலெக்டர் போட்ட உத்தரவு

பிறந்த மறுவருஷமே ஜவ்வரிசிக்கு ஒரு கண்டம் வந்தது. 1944ல் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. ஜவ்வரிசி உணவுப் பொருள். ஆகவே அதைச் சேலம் மாவட்டத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்று கலெக்டர் உத்தரவு போட்டார். உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடினார்கள். சிவில் சப்ளைஸ் கமிஷனர் வரை போய் முறையிட்டு உத்தரவை ரத்து செய்ய வைத்தார்கள். 1945 முதல் தொழில் வேகமாக வளர்ந்தது.

இந்தச் சின்னச் சம்பவத்தில்தான் ஜவ்வரிசியின் தலையெழுத்து தீர்மானமானது என்பேன். விளைந்த ஊரிலேயே பசிக்கு உதவட்டும் என்று நினைத்தார் கலெக்டர். விலை கிடைக்கிற ஊருக்குப் போகட்டும் என்றது தொழில். தொழில் ஜெயித்தது. அதில் தப்புச் சொல்ல முடியாது. வெளிச் சந்தை இல்லாதிருந்தால் தொழில் அன்றைக்கே படுத்திருக்கும். இத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு வேலை வந்திருக்காது. போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மறுபடி கப்பலில் வந்தபோதும், இறக்குமதியைத் தடுக்கச் சொல்லி அரசிடம் முறையிட அந்த ஒற்றுமைதான் உதவியது. ஆனால் அன்றிலிருந்து கிழங்கின் திசை மாறியது. வயிற்றுக்காக மண்ணில் காத்திருந்த பயிர், லோடுக்காகக் காத்திருக்கும் பயிரானது.

வெளிச் சந்தை என்றால் முக்கியமாக மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம். நவராத்திரி, சிவராத்திரி, ஏகாதசி. நெல், கோதுமை போன்ற தானியம் அல்லாததால் விரதத்துக்கு ஆகும் என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். பசியைப் போக்க வந்தது, பசித்திருக்கப் பழகும் நாளின் பலகாரமானது. சின்னசேலத்தில் கிழங்கு விலை என்ன என்பதில் வடநாட்டுப் பஞ்சாங்கத்துக்கும் பங்கு வந்துவிட்டது.

பாயிண்ட் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை சின்னசேலம் வட்டாரத்தில் கிழங்கு லாரிகளைப் பார்க்கலாம். ஆள் விட்டுச் செடியைக் குலுக்கிப் பிடுங்கி, கிழங்கைத் தறித்துக் குவித்து, அன்றைக்கே லோடு ஏற்றி ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே விலை எடையை மட்டும் வைத்து இல்லை, மாவுச்சத்தை வைத்து. பாயிண்ட் என்பது அந்த வட்டாரத்தின் வார்த்தை. இத்தனை பாயிண்ட் கிழங்கு, பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் வீதம் டன்னுக்கு இவ்வளவு. நல்ல கிழங்கு இருபத்தைந்திலிருந்து முப்பது வரை நிற்கும்.

பாயிண்ட் பார்ப்பதற்கு லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை அள்ளி முதலில் வெளியில் எடை போடுவார்கள். பிறகு தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை போடுவார்கள். மாவு இறுகிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும், நீர்க்கிழங்கு இலேசாகிவிடும். அறிவியல் சரிதான். ஆனால் அந்த முள் நிற்கும் இடத்தைப் பார்க்கிற விவசாயியின் நிலையைப் பாருங்கள். கிழங்கு பிடுங்கியாகிவிட்டது. வெட்டுக் கூலி கொடுத்தாகிவிட்டது. லாரி வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. பாயிண்ட் குறைவு, விலை குறைவு என்றால் திருப்பி எடுத்துப்போய் மண்ணில் புதைக்க முடியுமா? மூன்று நாளில் கிழங்கு கருத்துவிடும். அதனால் சொன்ன விலைக்குத் தலையாட்டத்தான் வேண்டும். புரோக்கரும் ஆலையும் பொறுக்க முடியும்; அவரால் முடியாது.

இன்னொரு வேடிக்கை. நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு மழை பெய்து செடி துளிர்த்தால், புது இலை விடுவதற்குக் கிழங்கிலிருந்துதான் மாவை எடுத்துக்கொள்ளும். பாயிண்ட் இறங்கும். வருமா வருமா என்று வானம் பார்த்த மழையே விலையைக் குறைக்கும்.

கிழங்கைப் பிடுங்காமல் நல்ல விலை வரும் வரை மண்ணில் விட்டுவைக்கலாமே என்று கேட்கலாம். சொந்த நிலமும் கடனில்லாத கையும் இருந்தால் விடலாம். குத்தகைக் கெடு, வட்டி, அடுத்த போகத்துக்கு நிலம் காலியாக வேண்டிய அவசரம் எல்லாம் சேர்ந்து கிழங்கைப் பிடுங்கவைக்கின்றன. மண்ணுக்குப் பொறுமை இருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கு இல்லை.

ஆலைக்காரர் பொறுக்கக் கற்ற கதை

இதே நெருக்கடி ஆலைக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மூட்டை சேர்ந்ததும் விற்றால்தான் அடுத்த லோடுக்குப் பணம். வியாபாரிகள் அதைத் தெரிந்துகொண்டு விலையை அடித்தார்கள். 1981ல் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்தார்கள். 1982 பிப்ரவரியில் அது வேலையைத் தொடங்கியது. அதுதான் சேகோசர்வ். அது செய்த காரியத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: கிடங்கு கொடுத்தது, கிடங்கில் வைத்த மூட்டைமேல் முன்பணம் கொடுத்தது, டெண்டர் வைத்து விற்றுக்கொடுத்தது. இன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் போனது. ஜவ்வரிசி காய்ந்த பொருள், மாதக்கணக்கில் கெடாது. அந்தக் குணத்தைப் பணமாக்க ஒரு கூரையும் ஒரு கணக்கும் போதுமாக இருந்தன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிழங்கு போடுகிறவருக்கு அப்படி ஒரு கூரை இன்னும் வரவில்லை. வேறு பாரங்கள்தான் வந்தன. 2020ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, அடுத்தடுத்து நாமக்கல், சேலம், கள்ளக்குறிச்சி என்று பரவிக் குருத்தைச் சுருட்டியது. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்தபோது, அதன் பூர்வீகமான தென் அமெரிக்காவிலிருந்தே ஒரு சின்னக் குளவியைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவியையே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022ல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். பூச்சியும் அதன் எதிரியும் கண்டம் தாண்டி வந்த கிழங்கைத் தேடிக் கண்டம் தாண்டியே வந்தன. ஒரே பயிரை நம்பி வட்டாரம் முழுக்க நிற்பதன் ஆபத்தை அந்த இரண்டு வருஷம் நன்றாகவே காட்டியது.

வாட்டு

கேரளத்தார் இதே கிழங்கை வைத்து வேறொரு வழி கண்டார்கள். இடுக்கி, கோட்டயம் மலைப்பக்கத்தில் மழை ஓய்ந்த மாதங்களில் கப்பை வாட்டு என்று ஒன்று நடக்கும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒருவர் பிடுங்க, ஒருவர் தோலுரிக்க, ஒருவர் சீவ, பெரிய அண்டாவில் கொதிக்கும் தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்துப் பாறையிலோ பாயிலோ காயவைப்பார்கள். மறுநாள் அடுத்த வீடு. காய்ந்த கிழங்கு ஒரு வருஷம் தாங்கும். ஆடி மழையில் ஊறவைத்து வேகவைத்து மீன்குழம்போடு தின்னலாம். வெளியே வந்தால் மூன்று நாள் பொறுக்காத கிழங்கை, வீட்டிலேயே வருஷம் பொறுக்கும் பண்டமாக ஆக்கிவிட்டார்கள். ஆலை வேண்டாம், பாயிண்ட் வேண்டாம்.

அந்த வேலைக்கு வேண்டிய வெயில் அவர்களைவிட நம்மிடம் பல மடங்கு. இருந்தும் நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் ஊன்றவில்லை. நாலஞ்சு கிலோ கிழங்கைக் கொடுத்து ஒரு கிலோ ஜவ்வரிசியாக்கி, பிழிந்து மிஞ்சிய திப்பியை மாட்டுக்கும் மணியை மராட்டியத்துக்கும் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு ரேஷன் அரிசி வாங்குகிறோம். காசு வரும் வருஷங்களில் இது நல்ல ஏற்பாடுதான். விலை சரிந்த வருஷம்தான் கேள்வி எழும்.

கிழங்கை மட்டும் தின்று உயிர் வாழலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது மாவு, புரதம் மிகக் குறைவு. மலையாளத்தார் மீனோடு சேர்த்ததும், கல்வராயன் மலையில் சாமையும் தினையும் அவரையும் கூடவே போட்டதும் அனுபவத்தில் கண்ட கணக்கு. மலையில் அந்தச் சிறுதானியப் பரப்பு சுருங்கி மரவள்ளி ஏறியிருக்கிறதென்றால், கையில் காசு கூடியிருக்கலாம், காப்பு குறைந்திருக்கிறது.

ஆக, செய்யக் கூடியது என்ன? முழு நிலத்தையும் ஒரே நாளில் ஊன்றாமல் மாதம் தள்ளித் தள்ளி ஊன்றினால் ஒரே நாளில் பிடுங்க வேண்டிய நெருக்கடி குறையும். வீட்டுக்கென்று நாலு வரிசையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவைக்கலாம். மலையில் சாமையைக் கைவிடாமல் இருக்கலாம். ஊருக்கு ஒரு சீவும் இயந்திரமும் ஒரு சிமெண்டுக் களமும் ஒரு பூட்டுள்ள கிடங்கும் இருந்தால், விலை சரிந்த வாரத்தில் கிழங்கை வற்றலாக்கி வைத்துவிட்டு ஆலைக்காரரிடம் அடுத்த மாதம் பேசலாம். இதில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. 1943ல் இரண்டு பேர் கூடியபோது அவர்களிடம் இருந்ததைவிட இன்று ஊரில் அதிகம் இருக்கிறது.

1944ல் உற்பத்தியாளர்கள் கூடி உத்தரவை மாற்றினார்கள். 1982ல் கூடிக் கிடங்கு கட்டினார்கள். இரண்டு முறையும் கூடியவர்கள் மாவு எடுத்தவர்கள். கிழங்கு எடுத்தவர்கள் இன்னும் தனித்தனியாகத்தான் லாரிக்குப் பின்னால் போகிறார்கள். அவர்கள் கூடுகிற வருஷம் எதுவோ, ஜவ்வரிசியின் வரலாற்றில் அடுத்த தேதி அதுதான்.